நான்கு டிக்கெட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

விடுமுறை விடுதியில் தங்கும் உரிமையை விற்கும் டைம்ஷேர் கூட்டத்தில் உட்கார்ந்து, அதற்குப் பரிசாகத் தரும் தீம் பார்க் டிக்கெட்டை வாங்குவது லாபமா? எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2022 தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெயர், செல்போன் எண், கணவன் மனைவி இருவருக்கும் என்ன வேலை, சொந்தக் கார் உண்டா என்று கேட்கும் சின்னத் தாள் ஒன்று. குலுக்கலில் விழுந்தால் பரிசு. என் மகள் தன் கையாலேயே எழுதிப் போட்டாள். பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் போன் வந்தது.

"வாழ்த்துகள் மேடம். உங்கள் குடும்பத்துக்குத் தீம் பார்க் டிக்கெட் நான்கும், கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கலும் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சாரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். 90 நிமிடம் ஓர் அறிமுகம், அவ்வளவுதான்."

"நான் மட்டும் வந்தால் போதாதா?" என்று கேட்டேன். இருவரும் வந்தால்தான் பரிசு என்று அந்தப் பெண் கனிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னாள். அதற்குக் காரணம் அப்போது எனக்குத் தெரியவில்லை. தனியாகப் போகிறவர், "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடலாம். நம் ஊரில் எதையும் மரியாதையாக மறுப்பதற்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். இருவரையும் சேர்த்து வரச் சொல்வது அந்த வாசலை முன்கூட்டியே அடைப்பதற்கு.

பைபாஸ் சாலையில் ஒரு நல்ல ஓட்டல். பத்து மணிக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். வாசலிலேயே எங்கள் அடையாள அட்டைகளையும், கிரெடிட் கார்டு இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள். பரிசு வாங்குவதற்குக் கார்டு எதற்கு என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். உள்ளே இருபது வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஓர் இளைஞர். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழாத அளவுக்குப் பாட்டுச் சத்தம். பிள்ளைகளுக்குப் பலூனும் பிஸ்கட்டும், எங்களுக்குக் காபி. எங்கள் மேசைக்கு வந்த பையன் மேலூர்ப் பக்கத்துக்காரர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். நான் கணக்கு ஆசிரியை என்று தெரிந்ததும், பள்ளியில் தனக்குக் கணக்கு வராது என்று சிரித்தார். அந்த நொடியே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அங்கே விற்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைம்ஷேர் என்பது ஓர் அறையை வாங்குவதன்று. அந்த அறையில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை வாங்குவது. ஆண்டுக்கு 52 வாரம். ஒரே அறையின் ஒவ்வொரு வாரத்தையும் வெவ்வேறு குடும்பத்துக்கு விற்கலாம். இப்போது பல இடங்களில் வாரத்துக்குப் பதில் புள்ளிக் கணக்கு; கையில் உள்ள புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும் நாள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு விடுதியில் தங்கிக்கொள்ளவும் வழி உண்டு, ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் 1974 முதல் இப்படிப்பட்ட மாற்று வேலையைச் செய்துவருகிறது. ஆக, இதை வெறும் மோசடி என்று தள்ளிவிட முடியாது. ஆண்டு தவறாமல், சீசன் இல்லாத நாள்களில், ஏழு இரவும் வெளியூரில் தங்கக்கூடிய குடும்பத்துக்கு இது பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தாது என்பது அந்தப் பையன் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு எத்தனை முறை வெளியூர் போகிறீர்கள், எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். பழனி, திருச்செந்தூர், மே மாதத்தில் மூன்று நாள் கொடைக்கானலோ மூணாறோ என்று எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் இருக்கும் என்றார் என் கணவர். பையன் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 40,000 என்று எழுதினார். ஆண்டுக்கு 10 சதவீதம் விலை ஏறினால் 25 ஆண்டுகளில் நீங்கள் செலவழிக்கப் போவது எவ்வளவு தெரியுமா என்று கேட்டு, 39 லட்சம் என்று எழுதி வட்டம் போட்டார். நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன், கூட்டல் சரிதான். அந்த வட்டத்தைப் பார்த்து என் கணவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கணக்கில் இருந்த ஓட்டை எனக்கு அன்று இரவுதான் தெரிந்தது.

90 நிமிடம் முடிந்தது. வீடியோ காட்டினார்கள். நடுநடுவே மைக்கில் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, புது உறுப்பினர் என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். விலை 4,20,000 என்றார் பையன். முடியாது என்றோம். மேலாளர் வந்து அமர்ந்து, என் பள்ளியைப் பற்றி விசாரித்தார். ஆசிரியர்களுக்கென்று ஒரு சலுகை இருக்கிறது என்று 3,40,000-க்கு இறக்கினார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். "இந்த விலை இந்த வாசல் தாண்டினால் கிடையாது மேடம்." இன்னொருவர் வந்தார். 2,60,000, சீசன் நாள்கள் சேராத திட்டம், இன்று 20,000 கட்டினால் போதும், மீதி தவணையில். ஒரு மணி நேரத்தில் 1,60,000 ரூபாய் இறங்கிய பொருளின் உண்மை விலை என்ன என்ற கேள்வி என் வாய் வரை வந்தது. பிள்ளைகளுக்குப் பசி, மகள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

அப்போது பையன் தாழ்ந்த குரலில், "அக்கா, இன்று ஒரு குடும்பமாவது சேர்ந்தால்தான் எனக்கு இந்த மாதம் இன்சென்டிவ்" என்றார்.

முகதாட்சண்யம் என்கிற நம் சொல்லுக்கு இவ்வளவு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு புடவைக்கு 50 ரூபாய் குறைக்கவில்லை என்றால் படி இறங்கிவிடுகிறவள் நான். அங்கே நிற்கிற இடம் தெரு. கடைக்காரரும் அதை எதிர்பார்த்துத்தான் பேசுகிறார். இங்கேயோ நாங்கள் விருந்தாளிகள். காபி குடித்திருக்கிறோம், பிள்ளைகள் அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றிருக்கிறார்கள், மூன்று மணி நேரமாக ஓர் இளைஞர் எங்களுக்காக நின்றிருக்கிறார். உப்பிட்டவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நாங்கள் பழகவில்லை. என் கணவர் 20,000 ரூபாய்க்குக் கார்டைக் கொடுத்தார். எங்கள் பெயரும் மைக்கில் வந்தது, கைதட்டினார்கள். வெளியே வரும்போது மணி இரண்டு பத்து.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கியபின், அவர்கள் கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். 2,60,000-க்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; ஆக 3,06,800. இதற்கு மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 12,000, வரியோடு 14,160. அந்தக் கட்டணம் "அவ்வப்போது மாற்றியமைக்கப்படும்" என்று ஒரு வரி. உச்சவரம்பு எங்கும் இல்லை. நாங்கள் தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 25 ஆண்டுகளில் பராமரிப்புக்கு மட்டும் 7,76,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பையன் ஓட்டல் வாடகையை ஆண்டுக்கு 10 சதவீதம் ஏற்றினார். தன் கட்டணத்தை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. அதுதான் ஓட்டை. இன்னொன்றும் உண்டு. நாங்கள் சொன்ன 40,000-ல் பஸ், கார், சாப்பாடு, கோயில் எல்லாம் அடக்கம். உறுப்பினர் ஆனாலும் அவற்றை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அறை வாடகை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

3,06,800 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 21,476 வரும். அதோடு பராமரிப்புக்குக் கட்ட வேண்டிய 14,160-ஐயும் சேர்த்தால் 35,636. அந்தப் பணத்துக்கு ஆண்டுதோறும் ஏழு இரவு, இரவுக்கு 5,000 ரூபாய் அறையில், பிடித்த ஊரில், பிடித்த நாளில் தங்கலாம். அசல் அப்படியே இருக்கும். வாடகை ஏறத்தான் செய்யும், பராமரிப்பும் ஏறும். ஆனால் நாங்கள் ஏழு இரவு தங்குகிறவர்களே இல்லை, மூன்று இரவுதான்.

எல்லாவற்றுக்கும் மேல், எங்களுக்குக் கொடுத்த மலிவுத் திட்டத்தில் ஏப்ரல், மே இல்லை, தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. பள்ளி ஆசிரியைக்கு விடுமுறை அந்த நாள்களில்தான். என்னால் ஒருபோதும் பயன்படுத்த முடியாத நாள்களை எனக்கு ஆசிரியர் சலுகை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பணம் திரும்பி வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். பத்திரத்தின் பின்பக்கத்தில், பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் ரத்து செய்யலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மேசையில் யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல் பிடி. மூன்றாம் நாளே ஒப்புகையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன், அதன் படத்தை மின்னஞ்சலிலும் அனுப்பினேன். போனில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், "மேலாளர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமை கூப்பிடுகிறோம்" என்பதிலேயே அந்தப் பத்து நாளும் கரைந்துபோகும். எழுத்தில் ஒன்று கையில் இருந்ததால் எனக்குக் கரையவில்லை.

ஒரு மாதம் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகு 15,000 வந்தது. 5,000-ஐ நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். பத்திரத்தில் அப்படிப் பிடிக்கலாம் என்று எங்கும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, மாவட்ட ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். அப்போது இ-தாகில் என்ற தளம், இப்போது இ-ஜாக்ரிதி. புகார் மனுவை முழுதாக எழுதி, தாக்கல் செய்வதற்கு முன் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் 5,000 வந்துவிட்டது.

இனி அந்தப் பரிசு. டிக்கெட் நான்கு என்றார்கள். கூப்பனில் பெரியவர் இருவருக்கு மட்டும் இலவசம், பிள்ளைகளுக்கு நாம் கட்ட வேண்டும். வார நாள்களில் மட்டும் செல்லும். பள்ளி விடுமுறையில் செல்லாது. பதினைந்து நாளுக்கு முன்பே விற்பனை அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்து, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் போய் வந்தோம். பிள்ளைகள் தண்ணீரில் ஆடி மகிழ்ந்தார்கள், அதில் குறையில்லை. எங்கள் இருவர் டிக்கெட்டில் மிச்சம் 1,600 ரூபாய். அறிமுகக் கூட்டத்துக்கு ஆட்டோ 360. மீதி 1,240. இருவரும் நான்கு மணி பத்து நிமிடம் உட்கார்ந்தோம். மணிக்கு ஒருவருக்கு 150 ரூபாய்கூடத் தேறவில்லை, விடுப்பைக் கணக்கில் சேர்க்காமலே. கொடைக்கானல் தங்கலுக்கு ஒருவருக்கு இத்தனை என்று பதிவுக் கட்டணம் கேட்டார்கள். அது அங்கே ஒரு சாதாரண அறை வாடகைக்கு ஏறத்தாழச் சமம். விட்டுவிட்டோம்.

இந்த வியாபாரம் பெரிய அளவில் நடக்கும் இடம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ. டிஸ்னி வேர்ல்டு 1971-ல் அங்கே திறந்தது. அதைச் சுற்றி டைம்ஷேர் விடுதிகள் ஏராளம். என் தம்பி புளோரிடாவில் வேலை பார்க்கிறான். 2024-ல் அப்பாவும் அம்மாவும் அவனிடம் போயிருந்தபோது, அவர்கள் இருவருக்கும் டிஸ்னி டிக்கெட் மலிவாக வாங்க அவனும் அவன் மனைவியும் ஒரு கூட்டத்துக்கு உட்கார ஒப்புக்கொண்டார்கள். அங்கேயும் அதே இலக்கணம்: தம்பதியாக வர வேண்டும், இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும், கார்டு வேண்டும், முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்றவர்கள் காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை வைத்திருந்தார்கள். நான் முன்பே சொல்லிவைத்திருந்ததால், தம்பி ஒரே வாக்கியத்தை மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நன்றி, நாங்கள் இன்றைக்கு எதுவும் வாங்கப் போவதில்லை." காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அதற்கு ஒரு மறுமொழி அவர்களிடம் தயாராக இருக்கும். விலை அதிகம் என்றால் இறக்குவார்கள், நேரமில்லை என்றால் புள்ளிகளைச் சேமிக்கலாம் என்பார்கள். மூன்றாவதாக வந்தவர் முகம் சிவந்து பேசினாராம். கடைசியில் வெளியே போகும் வழியில் இன்னொரு மேசை, அங்கே ஒரு குட்டித் திட்டம். அதையும் கடந்த பிறகே டிக்கெட்.

இரண்டு டிக்கெட்டில் அவனுக்கு மிச்சம் 180 டாலர். கணவனும் மனைவியுமாக ஒன்பது மணி நேரம். மணிக்கு 20 டாலர். வீட்டிலிருந்து போனவனுக்கு அது பரவாயில்லை. விமானத்தில் வந்து, ஓட்டலில் தங்கி, நான்கு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் என்றால் அதில் ஒரு காலைப் பொழுதைக் கொடுத்துவிடுகிறார். அந்தக் காலைப் பொழுதுக்காகத்தான் அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறார். ஆனால் அங்கே ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. புளோரிடாச் சட்டப்படி, டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். அபராதம் எதுவும் இல்லை. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். முகம் பார்த்துப் பேசும் ஊருக்கு, முகம் பார்க்காத பத்து நாள் அவசியம் வேண்டும்.

எழுகடல் தெருவில் நாற்பது ஆண்டு பாத்திரக் கடை வைத்திருந்தவர் என் அப்பா. ஆர்லாண்டோ கூட்டத்தில் பேரனை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, மொழி புரியாவிட்டாலும் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னார்: "நம் கடையில் சீர் வாங்க வருகிறவர்களுக்கு ஸ்டூல் போட்டுக் காபி சொல்வோம், நினைவிருக்கிறதா? உட்கார்ந்தவர் குடமாவது வாங்காமல் எழுந்ததில்லை அம்மா. ஆனால் வாங்கிய குடத்தை எடை போட்டுக் காட்டுவோம். பிடிக்காவிட்டால் மறுநாள் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். எடை போட்டுக் காட்டாத இடத்தில் நீ உட்காரக்கூடாது." அப்பா எனக்காக வருத்தப்பட்டார். அந்தப் பையனுக்காகவும் வருத்தப்பட்டார். விற்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல சரக்கு வாய்க்கவில்லையே என்றார். நானும் அந்தப் பையனை நினைத்துக்கொள்வதுண்டு. அவர் இன்சென்டிவுக்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல மாதம் ஆயிற்று.

லாபமா என்று கேட்டால், எந்தப் பேச்சுக்கும் அசையாமல் நான்கு மணி நேரம் இருக்க முடிகிற, அன்றைக்கு வேறு வேலை இல்லாத, பரிசின் நிபந்தனைகளை முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்ட தம்பதிக்குச் சிறிய லாபம் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கிடையாது. கணவன் மனைவியில் ஒருவர் இளகிய மனத்தவர் என்றால் கட்டாயம் கிடையாது. தங்கள் மனம் இளகாது என்று இருவரும் நம்பிக்கொண்டு போனாலும், பசியும் சத்தமும் தூங்கும் குழந்தையும் சேர்ந்தால் மூன்றாம் மணி நேரத்தில் மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை அதே போன்ற ஒரு செய்தியைக் காட்டினார். பெட்ரோல் பங்க்கில் எழுதிப் போட்டதாம். மகள் ஆசைப்படுகிறாள், போகத்தான் போகிறோம் என்றார். தடுக்கவில்லை. கூப்பனில் எத்தனை பேருக்கு, எந்த நாள், பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதை இப்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கச் சொன்னேன். கார்டு காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், 2,000 ரூபாய்க்கு மேல் இல்லாத கணக்கின் கார்டை மட்டும் எடுத்துப் போகச் சொன்னேன். செல்போனில் பணம் அனுப்பும் செயலியைக் கிளம்புவதற்கு முன்பே நீக்கிவிடச் சொன்னேன். குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆண்டுப் பராமரிப்பு எவ்வளவு, அது ஏறுவதற்கு உச்சவரம்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மே மாதம் இதில் சேர்ந்ததா என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

நேற்று உணவு இடைவேளையில் வந்து, வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நேரில் சொல்கிறோம் என்று மட்டும் போன் வந்ததாம். சனிக்கிழமை தாங்களே பார்க்குக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளையும் அழைத்திருக்கிறார்.